சங்கரா மீன் கொடுத்து வாங்கிய சைக்கிள்

பேருந்தில் அங்காளம்மாவை ஏற்ற மாட்டார்கள். கூடை நாறுகிறதாம். ஷேர் ஆட்டோக்காரர்கள் அவளைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுவார்கள். வீட்டுக்குப் போனால் அவர்கள் எல்லோருக்கும் மீன் குழம்பு வேண்டும். ஈஞ்சம்பாக்கம் குப்பத்திலிருந்து பள்ளிக்கரணைக்கு அவள் வந்து சேர்வதற்குள் பாதி ஐஸ் கரைந்துவிடும்.

அவள் மீன் விற்கும் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு சைக்கிள் கிடந்தது. கடற்கரையில் உல்லாசமாக ஓட்டுவதற்கென்று செய்த வகை. தடித்த டயர், மாட்டுக் கொம்பு போல விரிந்த ஹேண்டில்பார், வளைந்த சட்டம். இரண்டாவது மாடி ஷ்யாம்சுந்தர் வாங்கிய கையோடு மறந்துவிட்ட வண்டி. சங்கிலி துருவேறி, டயர் வெடித்துப்போயிருந்தது.

"இத்த இன்னா சார் பண்ணப் போற?"

"இடத்தை அடைக்குதுன்னு செக்ரட்டரி டெய்லி மெசேஜ் போடறார். நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்கம்மா."

சும்மா வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. வலையோ துடுப்போ, பதிலுக்கு ஒரு மீனாவது கொடுக்காமல் குப்பத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். கூடையில் இருந்ததிலேயே பெரிய சங்கராவை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மேலே போனார்.

மேடவாக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சவுரிமுத்து பார்த்ததும் சிரித்தான். "யக்கா, இது ஹீரோயின் ஓட்ற வண்டி. இத்தப் போயி மீன்பாடி வண்டியா ஆக்கச் சொல்ற."

"நான் ஓட்டுனா நானும் ஹீரோயின்தான். வேலையப் பாரு."

பிரேக்கில்தான் சிக்கல் வந்தது. அந்த வண்டியில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும். இந்தப் பக்கம் சைக்கிள் பழகிய எல்லோரையும் போல, இறக்கத்தில் பெடலைச் சும்மா பின்னால் சுற்றுவது அவள் பழக்கம். முதல் நாள் மேம்பால இறக்கத்தில் சுற்றினாள். வண்டி நின்றது, அவள் நிற்கவில்லை. முழங்கை கிழிந்தது. சவுரிமுத்து பின்சக்கரத்தையே மாற்றி, கியரும் கை பிரேக்கும் வைத்தான். கேரியர் பற்றவைத்து அதன்மேல் ஐஸ் பெட்டியைக் கட்டினான்.

அதற்குப் பிறகு அவளுக்கு யார் தயவும் தேவைப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷ்யாம்சுந்தர், புதிது போல ஆகிவிட்ட வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். அடுத்த வாரம், பெட்டியை இறக்கிவிட்டு அவள் கை கழுவப் போன நேரத்தில், வண்டியைத் தூணோடு சேர்த்துப் பூட்டிவிட்டார்.

"நான் தற்காலிகமாத்தான் கொடுத்தேன். பில் என் பேர்ல இருக்கு."

பக்கத்தில் நின்ற செக்ரட்டரி சத்தியநாதன் தலையாட்டினார். "ரிப்பேர் செலவை அவர் குடுத்துடுவார்மா."

"துட்டு வாணாம். என் சங்கராவக் குடு."

"என்னது?"

"நீ வண்டி குடுத்த, நான் மீன் குடுத்தேன். துன்னியா இல்லியா? அத்தக் குடுத்துட்டு இத்த எடுத்துக்கோ."

"விளையாடாதீங்க. அது எப்பவோ குடுத்தது."

"இதுவும் எப்பவோ குடுத்ததுதான் சார்."

இருவரும் லிஃப்டில் ஏறிப் போனார்கள். மீன் கூடையோடு அவளை ஒரு நாளும் ஏற்றாத லிஃப்ட்.

அங்காளம்மா ஐஸ் பெட்டியைத் தூணடிக்கு இழுத்துவந்து, மூடியைத் திறந்துவைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. மீன் தண்ணீர் கார்களுக்கு அடியில் ஓடியது. ஈக்கள் வந்தன, பிறகு பூனைகள். வாங்க வந்தவர்களுக்கும் அவள் விற்கவில்லை. அன்றைய பிழைப்பு முழுவதும் அந்தப் பெட்டியில் இருந்தது. அது கெடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் சத்தியநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். "மூடும்மா அதை. மூணாவது மாடி வரைக்கும் நாறுது."

"வண்டி இருந்தா எட்த்துக்கினு பூடுவேன் சார். கையில தூக்க முடியாது. பஸ்லயும் ஏத்த மாட்டான்."

அவரே மேலே போய்ச் சாவியை வாங்கிவந்தார். குனிந்து, மீன் தண்ணீரில் கால் படாமல், பூட்டைத் திறந்தார். அவள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை.

கெட்ட மீனைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தபோது காவலாளி கேட்டார். "நாளைக்கு வருவியா?"

"வருவேன். வண்டி கேட்டுக்கு வெளிய நிக்கும். மீன் வோணும்னா எறங்கி வரச் சொல்லு."