பல்லக்காவுக்கு வராத பதில்

உலகத்தில் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் பல்லக்கா காத்திருந்ததைப் போல ஒரு ஜீவன் காத்திருந்ததில்லை. அந்தக் குளிர்காலத்தில் சுவர்க் கடிகாரங்கள் அவள் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டு முள்ளை மறைத்துக்கொண்டன. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள், "இந்தம்மா நிக்கறதுக்கு முன்னாடி நாம நிக்கறதெல்லாம் ஒரு நிக்கறதா" என்று நடந்தே வீட்டுக்குப் போனார்கள். சரி, சரி, கொஞ்சம் கூடிப்போயிற்று. கடிகாரத்தை எடுத்துவிடுங்கள், பேருந்தையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது சத்தியம்: அவள் காத்திருந்தாள், அவளோடு சேர்ந்து ஒரு பட்டறையே காத்திருந்தது.

பட்டறை என்றால் இரும்புப் பட்டறை அல்ல, பல்செட் பட்டறை. ஒரு செருப்புக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். முதல் அறையில் நீள மேசை, மெழுகு உருக்கும் சின்ன அடுப்புகள், தட்டுத் தட்டாகப் பற்கள். வெள்ளையில்தான் எத்தனை வெள்ளை! பால் வெள்ளை, தேநீர் குடித்த வெள்ளை, முப்பது வருடம் புகை பிடித்த வெள்ளை. இரண்டாவது அறையில் தேய்க்கும் இயந்திரங்கள். அவை ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் காதில் போய்க் கத்தினாலும் கேட்காது. எங்கே பார்த்தாலும் பிளாஸ்டர் தூள். மாலையில் அந்தப் படியில் இறங்கி வருகிறவர்கள் எல்லோருக்கும் புருவம் நரைத்திருக்கும்.

அங்கே பற்களை வரிசை வைப்பவள் பல்லக்கா. அந்தப் பெயரை வைத்தது தெருப் பிள்ளைகள். இப்போது புருஷனே சில சமயம் மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான். பல் மருத்துவர்கள் அனுப்புகிற வாயின் அச்சு அவள் மேசைக்கு வரும். கூடவே ஒரு சீட்டு: வயது, ஆணா பெண்ணா, எந்த வெள்ளை. அவ்வளவுதான். முகம் கிடையாது, பேர் கிடையாது. பல்லக்காவுக்கு அது போதாது. இடது பக்கமே மென்று மென்று தேய்ந்த ஈறைப் பார்த்தால், இந்த மனுஷன் யாரைப் பார்த்துக் கடித்துக் கடித்து வலது பக்கப் பல்லைக் கெடுத்துக்கொண்டான் என்று யோசிப்பாள். ஒருமுறை ஒரு சீட்டில், "முன்பல் பழையபடி கோணலாகவே வேண்டும்" என்று எழுதி வந்தது. அன்று அவள் சாப்பிடவே இல்லை. சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்து, அந்தக் கோணல் பல்லைக் காதலித்த யாரோ ஒருவரைப் பற்றி எழுதினாள். அதுதான் முதல் கதை. பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

கதை எழுதுவதைச் சொல்லிக் கொடுக்கக் கல்லூரி இருக்கிறது, இரண்டு வருட முதுகலைப் படிப்பு, சேர்த்துக்கொண்டால் உதவித்தொகையும் தருவார்கள் என்று புருஷன்தான் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். பாதி நாள் மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டு கைப்பேசியில் எதையாவது படிப்பது அவன் வழக்கம்.

மாமியார் கேட்டதும் இடுப்பில் கை வைத்துவிட்டார். "பொய் சொல்றதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமா? நான் படிக்காமலேயே உன் மாமனார்கிட்ட முப்பது வருஷம் ஓட்டினேனே!"

"அதனாலதான் அத்தை, உங்க அளவுக்குத் திறமை எனக்கில்ல. படிச்சாவது வருதான்னு பாக்கறேன்."

"அப்படிச் சொல்லு" என்று மாமியார் குளிர்ந்துபோனார். குளிர்ந்தது எந்த அளவுக்கென்றால், விண்ணப்பம் எழுதுகிற வரைக்கும் சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று மருமகளுக்கு உத்தரவு போட்டுவிட்டுத் தானே கரண்டியைப் பிடித்தார். அந்த நாட்களில் அந்த வீட்டுச் சாப்பாட்டில் ஒன்று உப்பு இருக்காது, இல்லையென்றால் இரண்டு முறை விழுந்திருக்கும். யாரும் வாய் திறக்கவில்லை. பல்லக்கா ஒவ்வொரு கவளத்துக்கும் மனசுக்குள் நன்றி சொல்லி, கூடவே தண்ணீர் குடித்தாள்.

பட்டறையிலும் அப்படித்தான். பக்கத்து மேசைக்காரன் ஒருவன், மெழுகு வேலையில் கெட்டிக்காரன், அதனால் அவனுக்கு மெழுகு என்றே பெயர். அவன் கேட்காமலேயே அவள் பங்கில் பாதியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். "நீங்க எழுதுங்கக்கா. இந்தக் கிழவரோட கடைவாய்ப்பல்ல நான் பாத்துக்கறேன்."

ஆறு கல்லூரிகளுக்குப் போட்டாள். பிறகு தொடங்கியது அந்தக் காத்திருப்பு.

பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் ஒரே மாதிரி. அவள் கதைகளைப் படித்ததில் அவர்களுக்கு அளவில்லாத மகிழ்ச்சி, அவளை எடுக்க முடியாததில் அளவில்லாத வருத்தம். மூன்றாவது பதில் வந்த அன்று புருஷன் அதை உரக்கப் படித்துவிட்டு, "பாவம், இவங்க படற வருத்தத்தப் பாத்தா நாமதான் ஒரு எட்டு போய் ஆறுதல் சொல்லிட்டு வரணும் போலிருக்கு" என்றான். பல்லக்கா சிரித்தாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. புருஷன் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். வெளியே வந்தவள் அவன் தலையைக் கலைத்துவிட்டுப் போனாள்.

ஐந்து கல்லூரிகளும் கையை விரித்தன. ஆறாவது மட்டும் மூச்சு விடவில்லை. மாதக் கடைசிக்குள் சொல்கிறோம் என்றவர்கள், மாதம் போய் அடுத்த மாதம் பாதி ஆகியும் வாய் திறக்கவில்லை.

இங்கேதான் பல்செட்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு வினை வந்தது. அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பல்லை வரிசை வைத்ததும் அதை மெழுகிலேயே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புவார்கள். அவர் நோயாளியின் வாயில் பொருத்திப் பார்ப்பார். குறை இருந்தால் ஒரு சீட்டில் எழுதித் திருப்பி அனுப்புவார்: மேல்வரிசை நீளம், சிரிப்பு வலப்பக்கம் சாய்கிறது, இப்படி. சீட்டு இல்லாமல் வந்தால் எல்லாம் சரி என்று பொருள். உடனே மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோஜா நிறப் பிளாஸ்டிக்கை ஊற்றி இறுக்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு மாற்ற முடியாது. பட்டறை முதலாளி இந்த முறையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர். அவருக்கு இந்த உலகத்தில் குறை சொல்கிறவன்தான் எழுதுவான். திருப்தியானவன் பேசாமல் இருப்பான்.

"அஞ்சு பேர் குறை எழுதி அனுப்பிட்டாங்க. ஆறாவது இடத்துலேருந்து சீட்டு வரல. அப்ப என்ன அர்த்தம்?" என்று மெழுகைக் கேட்டிருக்கிறார்.

"சரின்னு அர்த்தம் சார்."

"அந்தம்மா அடக்கம். வாயத் திறந்து சொல்லாது. நாமதான் வழியனுப்பி வைக்கணும்."

திங்கட்கிழமை பல்லக்கா படியேறிப் போனால், மேசை மேல் கேக்கு. மேசைக்குப் பின்னால், அவள் நாற்காலியில், கண்ணாடி போட்ட ஒரு நடுவயது அம்மாள் அவளுடைய மெழுகு வெட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். முதலாளி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு நின்றார். ஒரு பொட்டலத்தை நீட்டினார். உள்ளே ஒரு பேனா. பட்டறையிலேயே செய்தது, ஈறுக்கு ஊற்றுகிற அதே ரோஜா நிறப் பிளாஸ்டிக்கில், கண்ணாடி மாதிரி மெருகேற்றி.

"நான் ஞாயித்துக்கிழமை வந்து தேச்சேன்க்கா" என்றான் மெழுகு. "பிடிச்சுப் பாருங்க, விரலுக்குச் சரியா இருக்கும். உங்க விரலோட அச்ச நீங்க பிளாஸ்டர் கலக்கறப்பத் திருட்டுத்தனமா எடுத்தேன்."

பல்லக்கா பிடித்துப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை போல விரலோடு ஒட்டிக்கொண்டது. இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எதிரே இத்தனை முகங்கள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றன. முதலாளி ஒரு பெரிய கேக்குத் துண்டை எடுத்து அந்தத் திறந்த வாயில் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவளுக்குக் கல்லூரியும் இல்லை, வேலையும் இல்லை. நடந்ததைச் சொல்லி முடித்ததும் மாமியார் சிரிக்கத் தொடங்கினார். புரையேறி, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார். "உன் கதையிலகூட இப்படி ஒரு கூத்து வராதேடி!" பிறகு அருகில் வந்து உட்கார்ந்து முதுகைத் தடவினார். "நாளைக்குப் போய் உள்ளத உள்ளபடி சொல்லிடு. இவ்வளவு ஆசையா வழியனுப்பினவங்க, திரும்பி வந்தா கதவ மூடிடுவாங்களா என்ன?"

மறுநாள் போய்ச் சொன்னாள். கல்லூரிக்காரர்கள் பல் மருத்துவர்கள் இல்லை. அவர்கள் பேசாமல் இருந்தால் காத்திருப்போர் வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றும் இருக்கலாம், மறந்தே போனார்கள் என்றும் இருக்கலாம் என்றாள். முதலாளி முகம் பிளாஸ்டர் ஆயிற்று. கலந்த பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், அப்படியே அவர் காதும் சிவந்தது.

"நான் மெழுக உருக்கிப் பிளாஸ்டிக்க ஊத்திட்டேனேம்மா."

"பரவாயில்ல சார்."

"என்ன பரவாயில்ல? புதுசா வந்தவங்களப் போகச் சொல்ல முடியாது, அவங்க நல்லா வைக்கறாங்க. உன்ன வழியனுப்பினதையும் திருப்பி வாங்க முடியாது, கேக்கு தின்னாச்சு." கொஞ்சம் யோசித்தார். பிறகு உள்ளே போய்த் தன் சொந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையோரம் போட்டார். "விருந்தாளியா வா. சம்பளம் அதே சம்பளம். கல்லூரிக்காரங்க பதில் சொல்ற வரைக்கும் நீ எங்க விருந்தாளி."

அன்றிலிருந்து முதலாளி நின்றுகொண்டே வேலை பார்த்தார். கண்ணாடி அம்மாள் தினமும் வந்ததும், "வாங்க விருந்தாளி, இன்னிக்காவது கிளம்பறீங்களா?" என்று கேட்பார், கேட்டுவிட்டுத் தன் பிளாஸ்கிலிருந்து முதல் கோப்பையை அவளுக்கு ஊற்றுவார். பதில் வராமலே போனாலும் இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஒருநாள் பல்லக்காவுக்குத் தோன்றியது. தோன்றியதே தவிர, கைப்பேசியை எட்டிப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

ஒரு பிற்பகல் அது அடித்தது. தேய்க்கும் இயந்திரங்கள் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ பேசுகிறார்கள், ஆனால் 'கல்லூரி' என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் காதில் விழவில்லை. "கல்லூரி!" என்று அவள் வாயசைத்ததை மெழுகு பார்த்தான், முதலாளியைப் பார்த்துக் கையை ஆட்டினான். முதலாளி ஓடிப் போய் மெயின் சுவிட்சையே கீழே இழுத்துவிட்டார். இயந்திரங்கள் நின்றன, விளக்குகள் அணைந்தன. எல்லோரும் இருந்த இடத்தில் இருந்தபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுமுனையில் துறைத்தலைவரம்மா. சேருவதாக இருந்த ஒருவர் வரவில்லை, இடம் உதவித்தொகையோடு இருக்கிறது என்றார். இப்படி ஓர் எழுத்தை நூறு வருடத்தில் எங்கள் கல்லூரி கண்டதில்லை, இத்தனை நாள் உங்களைக் காக்க வைத்த பாவத்துக்கு எங்களை மன்னித்து எப்படியாவது வந்து சேருங்கள் தாயே என்று கெஞ்சினார், கதறினார்.

நான் இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டும்போது எதிரே பெட்டி கட்டிக்கொண்டிருந்த பல்லக்கா கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. யாரும் கெஞ்சல. கதறல. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: 'நீங்க இன்னும் காத்துக்கிட்டிருக்கீங்களா?' நான், 'ஆமா, நாங்க எல்லாருமே காத்துக்கிட்டிருக்கோம்'னேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல. 'எத்தன பேரும்மா விண்ணப்பம் போட்டீங்க?'ன்னாங்க."