முதல் காரணம்

எங்கள் தொழிற்சாலையில் லீவு கேட்கிற யாரும் உண்மையான காரணத்தை முதலில் சொல்ல மாட்டார்கள். பல்லேகல கைத்தொழில் வலயத்தில் ஆடை தைக்கிற இடம் அது. மெஷினில் இருப்பவர்களில் பாதிப்பேர் கலஹா, ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள். தாய்க்குக் காய்ச்சல் என்றால், முதலில் மாமா மகளுக்குச் சடங்கு என்று கேட்பார்கள். இல்லை என்று பதில் வரும். அதற்குப் பிறகுதான் தாயின் காய்ச்சலை வெளியே எடுப்பார்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைக்கு மெஷினில் நூல் கோர்க்கக் காட்டுவதற்கு முன்பே பக்கத்து மெஷின்காரி இதைக் காதில் போட்டுவிடுவாள். "உள்ளத மொதல்ல சொல்லிறாத. மொத காரணம் அவருக்கு. ரெண்டாவதுதான் ஒனக்கு."

அவர் என்பது எங்கள் மனிதவள மெனேஜர். முதல் தடவை கேட்பவர் யாராக இருந்தாலும் இல்லை என்பதே அவருடைய கொள்கை. அவரும் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்து லய வீடு ஒன்றில் பிறந்தவர்தான். குண்டசாலையில் மாடி வீடு கட்டிய பிறகும் அதை மறைக்கவில்லை. மறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதை எங்கள் தலையில் அடிக்கிற பொல்லாக வைத்திருந்தார். "நானும் லயத்துல பொறந்தவன்தான். ஒங்க கள்ளம் பூராவும் எனக்கு அத்துப்படி. நம்ம ஆளுக சொல்ற மொத காரணம் எப்பவும் பொய்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். அந்தப் பொய்யைப் பெற்று வளர்த்ததே தன்னுடைய 'இல்லை'தான் என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

நான் மெஷினில் வேலை செய்பவள் அல்ல. லீவு, பஸ், சம்பளத் துண்டு என்று தமிழில் வருகிற கேள்விகளுக்குத் தமிழில் பதில் எழுதுவது என் வேலை. கலஹாவில் பஸ் ஏறி, பேராதனையில் மாறி, கண்டியில் இன்னொரு தரம் மாறி வந்து, நேற்று எழுதிய பதிலையே இன்றும் எழுதுவேன். அந்த முதல் காரண விளையாட்டு எனக்குத் தெரியும். ஆனால் அது மெஷின் பிள்ளைகளுக்கானது, அலுவலகத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அது எதற்கு என்று நினைத்திருந்தேன்.

அப்பாவைக் கண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பா ஒன்னயத்தான் கேக்குறாரு. டொக்டர் எல்லாரையும் வரச் சொல்லிட்டாரு." நான் நேரே மெனேஜரின் அறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் கம்பியூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னைக்கு ஏலாதும்மா. ஓடிட்காரங்க கணக்குப் பாக்க வர்றாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மத்தியானம் தம்பி மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் போய் நின்றேன்.

"காலையிலயும் இதத்தானே சொன்னீங்க?" என்றார், கள்ளியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தோடு. "ஆஸ்பத்திரித் துண்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. பாத்துட்டு விடுறேன்."

"அதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா சேர்?"

"ஆயிட்டா அப்பப் பாப்போம்."

கேட்காமலே போயிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். கேட்காமல் போனவர்களை மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். தம்பி வார்டு முழுக்க அலைந்து, ஒரு நர்சைக் கெஞ்சித் துண்டு வாங்கிப் படம் அனுப்பினான். நான் பஸ் ஏறினேன். கண்டி டவுனுக்குள் நுழைகிற இடத்தில் பஸ் அசையவே இல்லை. இறங்கி ஓடினேன். வார்டில் அப்பாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். தம்பி அதற்கு வெளியே நின்று, "இப்பதாங்க்கா" என்றான்.

அன்றிலிருந்து அந்த மனிதர்மேல் கறுவிக்கொண்டிருக்கிறேன். இதை நான் ஒளிக்கவில்லை. அவருடைய கார் டயரில் காற்றைப் பிடுங்குவது, கொதிக்கிற டீயைக் கை தவறியதுபோல மடியில் ஊற்றுவது என்று பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து விதம் விதமாகத் திட்டம் போட்டிருக்கிறேன். பேராதனை வருவதற்குள் அவரை மூன்று நான்கு விதமாக அழவைத்துவிடுவேன். பிறகு அலுவலகத்துக்குப் போய், "குட் மோர்னிங் சேர்" என்பேன்.

இப்படியே போய்க்கொண்டிருக்கையில் கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒவ்வொரு பகுதியும் தன்னிடம் இருக்கிற சலிப்பூட்டும் வேலை ஒன்றை ஏ.ஐ. உதவியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். மெனேஜர் என்னைக் கூப்பிட்டார். "லீவு வேலைய அதுக்குப் பழக்குங்க. தமிழ்ல எழுதுறது நீங்கதானே."

நான் கம்பியூட்டர் படித்தவள் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. கம்பெனி வாங்கிவைத்திருந்த தளத்தில் ஒரு பெட்டி இருந்தது. வேலைக்குப் புதிதாக வந்த ஒருவருக்குச் சொல்வதுபோல, நீ யார், என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அதில் எழுத வேண்டும். பழைய லீவு மெசேஜ்களைக் கொடுத்தால் நம் பிள்ளைகள் பேசுகிற விதத்தையும் அது பழகிக்கொள்ளும். முதல் தடவை நான் மேலோட்டமாகத்தான் எழுதினேன்: லீவு கேட்பவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல், மீதி லீவைப் பார், காரணத்தைப் பார்த்து முடிவு எடு. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு மெசேஜ் போட்டேன். கை என்னவோ அதைத்தான் எழுதியது. 'அப்பாவுக்குக் கடுமையா இருக்கு. என்னையத்தான் கேக்குறாராம். லீவு வேணும்.'

பதில் உடனே வந்தது. 'இதைக் கேட்டு மிகவும் வருந்துகிறேன். லீவு பதிந்துவிட்டேன். இங்குள்ள வேலையைப் பற்றி யோசிக்காமல் உடனே அப்பாவிடம் போங்கள்.'

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்து மேசையில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவர் எழுந்து வந்தார். அக்குறணையைச் சேர்ந்தவர். வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ராத்தா. "ஏன் புள்ள அழுற?" என்று கேட்டவர் திரையைப் படித்தார். "யா அல்லா, மெஷினுக்கு ஈக்கிற எரக்கம் அந்த மனிசனுக்கு இல்லயே" என்றார்.

மெனேஜருக்கு அந்த இரக்கம் பிடிக்கவில்லை. "யாருகிட்ட சம்பளம் வாங்குது இது? கேக்குற எல்லாரையும் போ போங்குது" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் தடவை என்ன காரணம் சொன்னாலும் மறு. அதே காரணத்தோடு திரும்பி வந்தால் எழுத்தில் ஆதாரம் கேள். ஆதாரம் இல்லாவிட்டால் லீவு இல்லை.

"உயிர் போற விஷயம்னா உடனே விடச் சொல்லி ஒரு வரி போடவா சேர்?"

"போட்டா, நாளையிலேர்ந்து எல்லாருக்கும் உயிர்தான் போகும்" என்று சிரித்தார். "அந்த வருந்துகிறோம் மட்டும் இருக்கட்டும். நல்லா இருக்கு."

ஆகவே அது வருந்திக்கொண்டே மறுக்கப் பழகியது. அறிமுகக் கூட்டத்துக்குக் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். இதை உருவாக்கியது தான் என்று மெனேஜர் சொன்னபோது நான் அதே மண்டபத்தில், கடைசி வரிசையில் இருந்தேன். அதோடு நிறுத்தினாரா? மெஷின் பிள்ளை முதல் மெனேஜர் வரை எல்லோருக்கும் ஒரே விதி, தானே நினைத்தாலும் மேலிருந்து கை வைக்க முடியாது என்றார். கைதட்டினார்கள். விதிகளை மாற்றுகிற கடவுச்சொல் என்னிடம்தான் இருந்தது. அந்தச் சில்லறை வேலையெல்லாம் அவர் செய்வாரா?

போனிலேயே அதனிடம் லீவு கேட்கிற பிள்ளைகள் அதற்குப் போன் மிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் குணத்தைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு அதிக நாள் எடுக்கவில்லை. ஒருத்தி தன் பூனைக்குட்டிக்குப் பேர் வைக்கப் போக வேண்டும் என்று லீவு கேட்டாள். போன் மிஸ் பூனைக்குட்டியை வாழ்த்திவிட்டு மறுத்தது. மத்தியானம் அவள் தன் உண்மையான காரணத்தோடு வந்து லீவு வாங்கினாள். பழைய வழக்கம் அப்படியே நடந்தது. மெனேஜருக்குத்தான் ஒருவரையும் முகம் பார்த்து மறுக்க வேண்டிய சிரமம் இல்லாமல் போயிற்று.

பிறகு ஒரு நாள் காலை என் திரையில், வந்திருக்கிற கோரிக்கைகளுக்கு நடுவே, மெனேஜரின் பெயரைப் பார்த்தேன். 'அம்மாவுக்குக் கடுமை. உடனே ஹேவாஹெட்ட போக வேண்டும்.' கீழே போன் மிஸ் எழுதியிருந்தது: 'உங்கள் அம்மாவின் நிலையை அறிந்து மிகவும் வருந்துகிறோம். இன்று லீவு வழங்க இயலாது.'

நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகூடச் செய்யாத பிழையை அவர் செய்திருந்தார். பெற்ற தாயைக் கொண்டுபோய் முதல் காரணத்தில் வைத்துவிட்டார். இரண்டாம் தடவை ஆங்கிலத்தில் அனுப்பினார். அதே காரணம் என்பதால் எழுத்தில் ஆதாரம் கேட்டது. ராத்தா என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, வாயில் கையை வைத்துக்கொண்டார்.

மெனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தார். கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு போக அவருக்குத் தைரியம் இல்லை. அனுமதி இல்லாமல் போனால் போன் மிஸ் அதைத் தானாகவே கொழும்புக்கு அறிவித்துவிடும். அந்த வாரம் அவருடைய பதவி உயர்வு கொழும்பில் முடிவாக இருந்தது. அவருக்கு அனுமதி தரக்கூடிய பொது மெனேஜரோ வெளிநாட்டுக்குப் போகிற விமானத்தில் இருந்தார்.

"இதக் கொஞ்சம் பாருங்கம்மா. ஏதோ பிழையா வேலை செய்யுது."

"பிழை இல்ல சேர். நீங்க சொன்ன மாதிரித்தான் செய்யுது."

"எங்கம்மாவுக்கு ரொம்பக் கடுமை."

"ஆஸ்பத்திரித் துண்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க சேர்."

"அண்ணன் வீட்டுல, லயத்துலயே கெடக்குது. தூக்க ஏலாதாம். துண்டுக்கு எங்க போறது?"

"அப்ப கிராம சேவகர்கிட்ட ஒரு கடிதம்."

அவர் குரலைத் தணித்தார். "பாஸ்வேர்ட் ஒங்ககிட்டத்தானே இருக்கு. மாத்திவிடுங்க."

நான் தணிக்கவில்லை. "மேலேர்ந்து யாரும் கை வைக்க ஏலாதுன்னு கொழும்புக்குச் சொன்னது நீங்கதானே சேர்?"

அலுவலகத்தில் எல்லோரும் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்கள். அவருடைய நெற்றி வேர்த்திருந்தது. "ஒங்களுக்கும் தாய் தகப்பன் இருக்காங்கதானே?" என்றார்.

இத்தனை காலமாக நான் காத்திருந்த இடத்துக்கு அவரே வந்து நின்றார். "எங்கப்பா செத்துட்டாரு சேர். அன்னைக்கு ஒங்க ரூமுல வந்து நின்னு ரெண்டு தரம் கேட்டேன். துண்டு வரட்டும்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். "ஒங்க அப்பாவா? எப்ப?"

நடிக்கிறாரோ என்று முகத்தை ஊன்றிப் பார்த்தேன். நடிப்பே இல்லை. அவருக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் நான் அழவைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, எதற்காக அழ வேண்டும் என்றே தெரிந்திருக்கவில்லை. அவரை மன்னித்திருக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த நேரத்தில் என் கதிரையில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அதுவரை அவர்மேல் இருந்தது கோபம் என்றால், அந்தக் கேள்விக்குப் பிறகு வந்ததற்கு என்னிடம் பெயர் இல்லை.

அவருடைய போனில் ஒரு படம் வந்தது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு வயதான அம்மா வாய் திறந்தபடி கம்பளிக்குள் கிடந்தார். நெற்றி நிறைய விபூதி. அதையே ஆதாரமாக அனுப்பினார். எழுத்தில் வேண்டும் என்று போன் மிஸ் வருந்தியது.

ராத்தா என் தோளைப் பிடித்துக் குனிந்தார். "விட்ரு புள்ள. அந்த உம்மா ஒனக்கு ஒண்டும் செய்யல்ல."

அது உண்மை. அந்தப் படத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. கடவுச்சொல்லைப் போட்டு விதிகளைத் திறந்தேன். ஆனால் உடனே மாற்றவில்லை. மேசையில் ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்து மெதுவாகக் குடித்தேன். அவர் நின்றுகொண்டிருந்தார். கோப்பையில் இனி ஒன்றும் இல்லை என்ற பிறகுதான், 'உயிர் ஆபத்து என்றால் முதல் தடவையே அனுமதி' என்று அன்று அவர் சிரித்துத் தள்ளிய வரியைச் சேர்த்தேன். "இப்ப திரும்பக் கேளுங்க சேர்" என்றேன். நின்றபடியே எழுதினார். அனுமதி வந்ததும் ஓடினார்.

காரியம் எல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது மீசையை மழித்திருந்தார். என் மேசைக்கு வந்து, "அந்த வரி அப்படியே இருக்கட்டும்" என்றார், என்னைப் பார்க்காமல். சரி சேர் என்றேன். அந்த வரி இன்னும் இருக்கிறது. அதனால் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சந்தோஷம்தான். ஆனால் என் அப்பாவுக்குப் போடாத வரி, அவருடைய அம்மாவுக்காக விழுந்த வரி அது. ஒவ்வொரு தடவை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதும் எனக்கு எரிகிறது.

அவர் தாயை உயிரோடு பார்த்தாரா என்று ராத்தா ஒரு நாள் என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். "நான் கேட்டுச் சொல்லட்டா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் டீ குடித்த நேரத்தில் அது முடிந்துபோயிருந்தால், அதைச் சுமந்துகொண்டு என்னால் இருக்க முடியும். பார்த்தேன், கையைப் பிடித்துப் பேசினேன் என்று அவர் சொல்லிவிட்டால்தான் எனக்குத் தாங்காது.