முத்தாலேயின் இடது குதிகால்

நாங்கள் விரித்த எந்தப் படுக்கையும் ஜெலிப்பா ஜெரேவுக்குப் பிடித்ததில்லை. லுவான்ஷியா என்ற சுரங்க ஊரில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறாள். நான் துவைக்கும் அறையில் இருக்கிறேன். மழைக்காலத்தில் ஈரத்துணியில் ஈ முட்டையிட்டு, அதன் புழு தோலுக்குள் போய்விடும் என்பதால் விரிப்பு முதல் உள்ளாடை வரை எல்லாவற்றையும் இஸ்திரி போட்டுத்தான் கொடுப்பேன். அப்படிக் கொடுத்ததையும் அவள் ஜன்னலோரம் கொண்டுபோய் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள்.

"இந்த மடிப்புல ஒரு கிழவியைப் படுக்க வச்சா, முதுகுல தண்டவாளம் போட்ட மாதிரி ஆயிரும்" என்று திருப்பித் தருவாள். நான் வாங்கி, அதே மடிப்பிலேயே மறுபடி மடித்து, பத்து நிமிடம் கழித்துக் கொடுப்பேன். "இப்ப சரி" என்பாள். இது பல வருடமாக நடக்கிறது. அவளுக்கு இன்னும் தெரியாது.

அவளிடம் செவிலியர் சான்றிதழ் கிடையாது. முன்பு இங்கே இருந்த ஒரு கன்னியாஸ்திரியின் பின்னால் வாளி தூக்கிக்கொண்டே நடந்து கற்றுக்கொண்ட வேலை. குளிக்கும் தண்ணீரில் முதலில் தன் முழங்கையை வைத்துப் பார்ப்பாள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவாள். புண் இருந்தால், திங்கள்தோறும் அதன் மேல் கண்ணாடித் தாளைப் பிடித்து ஓரத்தை வரைந்து, தேதி எழுதி, முந்திய வாரத் தாளோடு ஒப்பிடுவாள். பாராளுமன்றத் தேர்தல் முடிவைக்கூட அவள் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

முத்தாலே கிழவர் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களிடம் வந்தபோது அவருடைய இடது குதிகாலில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புண். சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். மனைவி இறந்துவிட்டாள். வயது எண்பது. வந்த முதல் வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பதிவேட்டில் இனம் பெம்பா என்று இருந்தது. அதைப் படித்ததும் ஜெலிப்பாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவள் ங்கோனி ஆயிற்றே.

பெம்பாவுக்கும் ங்கோனிக்கும் கேலி முறை. பூட்டன் காலத்தில் ஈட்டியால் மோதிக்கொண்டவர்கள், இப்போது வாயால் மோதிக்கொள்கிறார்கள். ங்கோனி பெம்பாவைக் குரங்குத் தின்னி என்பான், பெம்பா ங்கோனியை எலித் தின்னி என்பான். கோபித்துக்கொள்கிறவன்தான் மரியாதை தெரியாதவன். சாவு வீட்டில் பிணத்தைக் குளிப்பாட்டி எடுப்பதுகூட இந்த முறைக்காரர்கள்தான். அதனால் முறைக்காரர் கை மேலே பட்டால் யாருக்கும் கூச்சமில்லை. பங்காளி முறையென்றால் கதை வேறு. அப்பா, பெரியப்பா முறை வருகிறவரின் உடம்பை மகள் பார்க்கக் கூடாது. அப்படிப்பட்ட கிழவர்கள் வந்தால் ஜெலிப்பா ஒதுங்கிக்கொள்வாள், கூட வேலை பார்க்கும் லாக்சன் குளிப்பாட்டுவார். லாக்சன் நல்ல மனிதர். இங்கே வருவதற்கு முன் பன்னிரண்டு வருடம் மினிபஸ் கழுவியவர், இன்னும் அந்தக் கை மாறவில்லை.

முத்தாலே ஜெலிப்பாவின் பங்குக்கு வந்தார். காலையில் எட்டாம் கட்டிலில் சத்தம் ஆரம்பித்துவிடும்.

"யோவ் குரங்கு மச்சான், எழுந்திரு. தண்ணி ஆறிப்போகுது."

"எலிக்காரி வந்துட்டாளா? கஞ்சியை மூடி வைங்க, அவ சொந்தக்காரங்க யாராவது விழுந்துரப் போறாங்க."

"உன் கஞ்சியில விழுற எலிக்குத்தான்யா அவமானம். பெம்பா வீட்டுல செத்தேன்னு ஊருல எப்படிச் சொல்லும்?"

சாப்பாட்டு வேளையிலும் இப்படித்தான். இரண்டு உருண்டை ந்ஷிமாவோடு, அதாவது சோளக்களியோடு, அவர் கையை உதறினால், "பாதியில எழுந்து ஓடுறது உங்க ஆளுங்களுக்குப் பழக்கம்தானே, சண்டையிலயும் அப்படித்தான ஓடினீங்க" என்பாள். "யாருடி ஓடினது?" என்று மூன்றாவது உருண்டை உள்ளே போகும். நான்காவதும் போகும், கூடவே கருவாடும் கீரையும். ஏழு மாதத்தில் கண்ணாடித் தாளில் இருந்த எலுமிச்சம்பழம் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியது. தாள்களை வரிசையாகப் பிடித்து எனக்குக் காட்டினாள். ஏதோ பேரப்பிள்ளையின் புகைப்படம் பார்ப்பதுபோல் நானும் நன்றாயிருக்கிறது என்றேன்.

மார்ச் மாதம் ஒருநாள், ங்கோனிக்காரர்களின் ஊரான சிப்பாட்டாவிலிருந்து ஒருவர் வேர்க்கடலை மூட்டையோடு வந்து வாசலில் நின்றார். மப்வூட்டோ என்று பெயர், ஐம்பது வயது இருக்கும்.

"ஜெரே பெரியவரைப் பார்க்கணும்."

"ஜெரேன்னா இங்க ஒரே ஆள்தான், அதுவும் பெரியவர் இல்ல, பெரியம்மா" என்று காவலாளி அவரை ஜெலிப்பாவிடம் அனுப்பிவிட்டார்.

அவள் அப்போதுதான் முத்தாலேயைக் குளிப்பாட்டி முடித்து, முதுகுக்கு வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தாள். வந்தவர் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார், மூட்டையைக் கீழே வைத்தார், மண்டியிட்டு உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினார். "பெரியப்பா" என்றார்.

"தம்பி, கட்டில் மாறி வந்துட்டீங்க. இது பெம்பா" என்றாள் ஜெலிப்பா.

"இல்லக்கா. இவர் எங்கப்பாவோட அண்ணன், சாமுவேல் ஜெரே. அதே சாடை. சுரங்கத்துக்கு வந்தப்ப முத்தாலேன்னு ஒரு பெம்பாக் கூட்டாளி, ஒரே வாரத்துல பயந்து ஊருக்கு ஓடிட்டான். அவன் பதிவுச் சீட்டை வச்சு இவர் வேலையில சேர்ந்துட்டார். அப்புறம் பேரு ஒட்டிக்கிச்சு. அறுபது வருஷமாத் தேடுறோம். சுரங்கத்துல கூட இருந்தவர் ஒருத்தர் இப்பத்தான் இந்த இடத்தைச் சொன்னார்."

முத்தாலே கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"யோவ்..." என்று ஆரம்பித்த ஜெலிப்பா அந்தச் சொல்லை அப்படியே விழுங்கினாள். "இவர் சொல்றது நெசமா?"

"நான் தூங்குறேன்" என்றார் கிழவர், கண்ணைத் திறக்காமலே.

அவள் விரிப்பை இழுத்து அவர் கழுத்துவரை போர்த்தினாள். வாஸ்லின் டப்பாவை மூடினாள். முதுகைக் காட்டாமல், மாமனார் வீட்டுக்கு வந்த புது மருமகள்போல் பின்பக்கமாகவே நடந்து வெளியேறினாள். நேரே துவைக்கும் அறைக்கு வந்து சிப்பாட்டாவில் இருக்கும் தன் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கி பொத்தானை அழுத்தியது நான்தான், மறைக்கவில்லை.

"சாமுவேலா? அந்தக் கிளையேதான். உங்கப்பாவுக்குப் பங்காளி, மூத்தவர். உனக்குப் பெரியப்பா ஆகுது" என்றார் சித்தப்பா. "ஏன், அவருக்குக் கால் கீல் கழுவி விடுறியா?"

"கால் மட்டும் இல்ல சித்தப்பா."

சிப்பாட்டாவில் சித்தப்பா கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எத்தனை நாளா?"

"ஏழு மாசம்."

"நான் எதுவும் கேட்கல" என்று சித்தப்பா போனை வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து லாக்சன் குளிப்பாட்டினார். ஜெலிப்பா திரைக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு உத்தரவு போட்டாள்.

"தேய்க்காதே. ஒத்தி எடு."

"ஒத்தித்தானக்கா எடுக்கிறேன்."

"பொய் சொல்லாதே. இங்க வரைக்கும் கேட்குது."

குதிகாலையும் லாக்சனே கட்டினார். சாப்பாட்டை மட்டும் ஜெலிப்பா கொண்டுபோனாள். மண்டியிட்டு, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் தட்டை நீட்டி, "பெரியப்பா, சாப்பிடுங்க" என்றாள்.

"பசிக்கலம்மா."

"கொஞ்சமாவது சாப்பிடுங்க பெரியப்பா."

"இருக்கட்டும்மா."

இந்த 'ம்மா'வைக் கேட்க எனக்கே கஷ்டமாக இருந்தது. இரண்டு உருண்டை ஒன்றாயிற்று. பிறகு தேநீர் மட்டும். மூன்றாவது திங்களன்று லாக்சன் வரைந்து கொடுத்த தாளை ஜெலிப்பா பழைய தாளின் மேல் வைத்துப் பார்த்தாள். பொத்தான் மறுபடி பெரிதாகியிருந்தது. தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட வேண்டும். லாக்சன் மரியாதையாகக் குதிகாலுக்கு அடியிலேயே வைத்திருந்தார். வந்து பார்த்த டாக்டர், புண் எலும்பைத் தொட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிப் போனார்.

இல்லத்தை நடத்தும் சிஸ்டர் லியோகாடியா ஜெலிப்பாவைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. எனக்கும் மேசைவிரிப்பு மாற்ற வேண்டியிருந்தது.

"நீ இங்க மகளா வரல ஜெலிப்பா, வேலைக்கு வந்திருக்க."

"வேலைக்குத்தான் வந்திருக்கேன் சிஸ்டர். அவர் உடம்பைப் பார்த்துக்கிறது மட்டும் வேலை இல்லையே. மானத்தையும் பார்த்துக்கணும்ல?"

"சரி. மானம் போச்சுன்னு அவர் சொன்னாரா?"

"சித்தப்பா..."

"சித்தப்பாவைக் கேட்கல."

"பாஸ்டரும் அதான் சொன்னார்."

"சித்தப்பாவைக் கேட்டே, பாஸ்டரைக் கேட்டே, துணி துவைக்கிறவளைக்கூடக் கேட்டே. காலு யாரோடது? அவரைக் கேட்டியா?"

ஜெலிப்பா என் கையிலிருந்த மேசைவிரிப்பின் மடிப்பைக்கூடப் பார்க்காமல் வெளியேறினாள்.

எட்டாம் கட்டிலுக்குப் போய் மண்டியிட்டாள். "பெரியப்பா, ஒண்ணு கேட்கணும்."

"மொதல்ல அந்தப் பெரியப்பாவைத் தூக்கி வெளிய வை" என்றார் கிழவர். "மூணு வாரமா எல்லாரும் எங்கிட்ட எழவு வீட்டுல பேசுற மாதிரியே பேசுறீங்க. நான் இன்னும் சாகல."

"ஏன் சொல்லல? முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயைத் தெறந்தேன். ஜெரேன்னு பேரு சொன்னியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ எனக்கு மக முறைன்னு. அப்ப நீ தண்ணியில முழங்கையை வச்சே. ஆஸ்பத்திரியில மூணு மாசம் கெடந்தேன், சூடு பார்த்து ஊத்தின ஆள் ஒருத்தர் கிடையாது. வாயை மூடிக்கிட்டேன்."

"ஏமாத்திட்டீங்க."

"ஆமா."

"இதுல என்னை எலிக்காரின்னு வேற."

"நானும் சின்ன வயசுல தின்னதுதான். நல்லாத்தான் இருக்கும்."

ஜெலிப்பா சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தாள். "தெரியாம செஞ்சேன், அது வேற. தெரிஞ்சு என்னால முடியாது. உங்களுக்கு வேணும்னாலும் எனக்குக் கை வராது."

"குளியல் வேணாம். அதை லாக்சன் பண்ணட்டும், கொஞ்சம் பழக்கு, தோலை உரிக்கிறான். ஆனா குதிகாலு போச்சுன்னா காலு போகும்கிறான் டாக்டர். அதோட..." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்குத் திட்டு வேணும். அறுபது வருஷம் பெம்பாவா இருந்துட்டேன். கட்டினவ பெம்பா, பெத்ததுங்க தாய்வழியில பெம்பா. இந்த உடம்புல ங்கோனி எங்க மிச்சம் இருக்குன்னு நீயே பார்த்துச் சொல்லு."

அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்று, நிலம் அளக்க வந்தவள்போல் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். விரிப்பைப் பிடித்து முழங்காலுக்கு நேராக ஒரு மடிப்பு மடித்தாள். மடிப்பில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"இதுக்கு மேல பெரியப்பா. லாக்சன் பார்ப்பான், நான் பார்க்க மாட்டேன். இதுக்குக் கீழ மச்சான். அது என் பொறுப்பு."

"முழங்காலு?"

"எல்லை. யாரும் தொடக் கூடாது."

"அரிச்சா?"

"லாக்சன் சொறிவான்."

சிஸ்டர் பராமரிப்புத் தாளில் அப்படியே எழுதிக்கொண்டார். சித்தப்பாவுக்கும் தெரிவிக்கப்பட்டது. அவர் "ரெண்டு காலுமா?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு தினமும் காலையில் இதைப் பார்க்க நான் துணிக்கூடையோடு அந்தப் பக்கம் போவேன். ஜெலிப்பா தலைமாட்டில் மண்டியிட்டு, "பெரியப்பா, நல்லாத் தூங்கினீங்களா?" என்பாள். "தூங்கினேம்மா" என்பார். அவள் எழுந்து கால்மாட்டுக்குப் போய் விரிப்பின் அடியை மட்டும் தூக்குவாள். "இது என்னய்யா மச்சான் நகமா, இல்ல குரங்குகிட்ட இரவல் வாங்கினதா?" மேலே இருப்பவர் உடனே அதற்குப் பதில் சொல்வார். தட்டைத் தலைமாட்டில் மரியாதையாக நீட்டிவிட்டு, கால்மாட்டில் போய் நின்று திட்டுவாள். மூன்றாவது உருண்டை திரும்ப உள்ளே போயிற்று. லாக்சனும் ஒருவாறு ஒத்தி எடுக்கக் கற்றுக்கொண்டார். ஜெலிப்பா திரைக்கு வெளியே நிற்பது குறைந்தது.

ஆகஸ்டில் ஒரு திங்களன்று ஜெலிப்பா கண்ணாடித் தாளைப் பிடித்துப் பார்த்து, வரைய ஒன்றுமில்லாமல் வெறும் தேதியை மட்டும் எழுதினாள். குதிகாலில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. சமையலறை வரை சந்தோஷம். கிழவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை: "எலிக்காரி, வலது கால் சுண்டுவிரல் என்னமோ பண்ணுது."

அவள் டார்ச் விளக்கைக் கொண்டுவந்து, மண்டியிட்டு, ஒவ்வொரு விரலையும் விரித்து, இடுக்கில் துடைத்து, பத்து நிமிடம் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அடுத்த நாள் பெருவிரல் என்றார். அதற்கடுத்த நாள் கணுக்கால். எல்லாம் முழங்காலுக்குக் கீழேதான்.

"புண் ஆறிப்போச்சு" என்றார் சிஸ்டர், தாளைப் புரட்டிக்கொண்டே. "இனி உன்னை அங்க அனுப்ப நான் என்னன்னு எழுதுறது? இல்லாத நோயை எழுத முடியாது."

"வேணாம் சிஸ்டர். குடுங்க, நான் எழுதுறேன்."

பேனாவை வாங்கி எழுதினாள்: காலைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நன்றாக இருக்கிறது.

சிஸ்டர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தினமும் அதே மூன்று வரிதான். நேற்று சிஸ்டர் பேனாவை மூடுவதற்குள் எட்டாம் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது: "எலிக்காரி, இடது கால்ல இன்னும் நாலு விரல் பாக்கி இருக்கு, எங்க ஓடுறே?"