கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

மாடலிங் என்பது நிற்கிற தொழில். வெளிச்சம் வரும்வரை நிற்கணும், மூடுபனி விலகும்வரை நிற்கணும், "இவங்க வேண்டாம், வேற ஆள் காட்டுங்க" என்று யாராவது சொல்லும்வரை சிரித்துக்கொண்டே நிற்கணும். சினிமாவில் நடிக்கக் கிளம்பி வழியில் இப்படி நின்றுபோன தோழிகளே, உங்களுக்கு இதில் எதுவும் புதுசாக இருக்காது. எனக்கு ஊர் தேவாலா. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். டிகிரி முடித்த கையோடு நான் ஊட்டிக்கும் குன்னூருக்கும் பஸ் ஏற ஆரம்பித்தேன்.

பட்டுப் புடவையில் கொழுந்து

முதல் வேலை தேயிலைத் தூள் பாக்கெட்டுக்கு. குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஆரஞ்சுப் பட்டு, தலை நிறைய மல்லிகை, முதுகில் மூங்கில் கூடை. பிறந்ததிலிருந்து பார்த்த வேலை, ஒழுங்காகத்தான் கிள்ளினேன். போட்டோகிராபருக்குப் பிடிக்கவில்லை. "பூப் பறிக்கிற மாதிரி பண்ணுங்க" என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார்.

பக்கத்து வரிசையில் இடுப்பில் தார்ப்பாய் சுற்றி, கம்பூட்ஸ் போட்ட நாலு பேர் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதில் ஒரு அக்கா கிட்டே வந்து என் கொசுவத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, இதுக்குள்ள அட்டை ஏறுச்சுன்னா எங்கீன்னு தேடுவீங்க?"

பதிலாக வந்த புருஷன்

அடுத்தது ஒரு ரிசார்ட் விளம்பரம், தேனிலவு ஜோடி. மாப்பிள்ளையாக வந்த பையன் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டான். ரிசார்ட்டின் வரவேற்பில் உட்காருகிறவருக்குக் கோட் மாட்டி என் பக்கத்தில் நிறுத்தினார்கள். தோளில் கை போடச் சொன்னதும் அவருக்கு வியர்த்துவிட்டது, அந்தக் குளிரில். "ஒரு நிமிசமுங்க, ஊட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்றேன்."

கதை இல்லாத ஆடிஷன்

அந்த ரிசார்ட்டில்தான் சேகர் அறிமுகமானார். சினிமாவுக்கு ஆள் அனுப்புகிற கோஆர்டினேட்டர் என்று சொல்லிக்கொண்டார். ஊட்டியில் ஒரு காட்டேஜுக்கு ஆடிஷன் என்று வரச் சொன்னார். காலை பதினோரு மணி. உள்ளே கேமரா இல்லை, வசனத் தாள் இல்லை. தயாரிப்பாளர் என்று ஒருவர் கம்பளிக் குல்லாவோடு சோபாவில் சாய்ந்திருந்தார். தனியாகத் தங்குவேனா, இரண்டு நாள் வராவிட்டால் வீட்டில் தேடுவார்களா என்று கேட்டார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, சாருக்கு உங்களப் பிடிச்சுப்போச்சு" என்றார் சேகர்.

என்ன வேடம் என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. குல்லாக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "கதையெல்லாம் அப்பறம் எழுதிக்கலாம்மா, மொதல்ல பழகணும்."

பங்களாக் குளிர்

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், அடுத்த வாரம் சேகர் கூப்பிட்டதும் போனை எடுத்தேன். ஏன் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு படம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு அரிப்பு. உட்கார விடாது, தூங்க விடாது. அவர் மன்னிப்புக் கேட்டார். இது வெறும் போர்ட்ஃபோலியோ, பெண் மேக்கப் ஆள்கூட உண்டு என்றார். போனேன்.

ஒரு தனி பங்களாவில் ஷூட். உடை மாற்ற மாற்றத் துணி குறைந்துகொண்டே வந்தது. நான் நடுங்க நடுங்க, "சிரிங்க" என்றார்கள். மேக்கப் போட்ட அக்கா தன் ஸ்வெட்டரை என்மேல் போர்த்திவிட்டுக் காதோடு கேட்டார்: "இதையெல்லாம் எங்க போடுவாங்கன்னு கேட்டுக்கிட்டியா கண்ணு?"

டிரைவரின் போன்

மூன்று மாதம் கழித்து ஊட்டியிலிருந்து திரும்பும்போது பஸ் போய்விட்டது. காலியாகத் திரும்பிய ஒரு டாக்ஸியில் ஏறினேன். டிரைவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து நாடுகாணிக்காரர், மலையாளி. கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. நடுவட்டம் ஊர் வந்ததும் டீக்கடை ஓரமாக நிறுத்தி, என்னைப் பார்க்காமல் போனை நீட்டினார்.

டிரைவர்களுக்கான வாட்ஸ்அப் குரூப். அதில் அந்தப் பங்களாப் படம், வேறு பெயரில். கீழே, சுற்றுலா வருகிறவர்களுக்குக் 'கம்பெனி' வேண்டுமானால் அழைக்கச் சொல்லி சேகரின் நம்பர். எனக்கு அழுகை வரவில்லை, அதை அழிக்கத்தான் விரல் போனது. போனை வாங்கி, படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டு டிரைவர் சொன்னார்: "அழிச்சுடாதீங்க மோளே, போலீசுக்குக் கொண்டு போங்க. சாட்சிக்கு ஞான் வரும்."

அம்மா போட்ட லீவு

இரண்டு நாள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. லீவு போட்டார், நல்ல புடவை கட்டினார், மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே புகாரை எழுதிய ஏட்டம்மா பேனாவை வைத்துவிட்டு, "நீயாத்தானே போஸ் குடுத்திருக்கே?" என்றார்.

எஸ்டேட் சூப்பர்வைசர் முன்னால் குரல் உயர்த்தாத அம்மா, நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "போட்டோவுக்குத்தானுங்க நின்னா. விக்கச் சொல்லி நின்னாளா?"

பத்தாத பயம்

டிரைவர் சொன்னபடி வந்து சாட்சி சொன்னார். சேகர் பிடிபட்டார். அவரால் ஏமாந்த இன்னும் இரண்டு பெண்கள் தாங்களாகவே வந்து புகார் கொடுத்தார்கள். வழக்கு நடக்கிறது. தெரியாத நம்பர் வந்தால் இன்னமும் எனக்கு உள்ளங்கை ஜில்லென்று ஆகிறது.

கல்லூரிகளில் போட்டுக்காட்ட போலீஸ் ஒரு குறும்படம் எடுத்தது. ஏமாறுகிற பெண்ணாக நடிக்கிறாயா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். நடித்தேன். கோஆர்டினேட்டராக ஒரு கான்ஸ்டபிள். ஐந்து டேக் போனது. ஆறாவதை நிறுத்திவிட்டு எஸ்.ஐ. சொன்னார்: "பயப்படச் சொன்னா மொறைக்கிறியேம்மா, அவரு வசனத்தையே மறந்துட்டாரு பாரு."

மூன்று வருடம் மலை ஏறி இறங்கி அலைந்ததில், வசனத்தோடு எனக்குக் கிடைத்த ஒரே வேடம் என்னுடையதுதான்.