கூட இருக்க ஓர் ஆள்

"கூட யாரும்மா இருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டபோதெல்லாம் "நான் இருக்கேன்" என்று வெடுக்கென்று சொன்னேன். நானும் என் கணவரும் ஆளுக்கொரு மதத்தில் பிறந்து, இரண்டையும் உதறிவிட்டுப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். இரண்டு வீட்டாரும் அன்றோடு சரி. பிள்ளையும் இல்லை. கோயில், மசூதி, சங்கம், கூட்டம் எதுவும் வேண்டாம், நமக்கு நாமே போதும் என்று உழவர்கரையில் இருபது வருஷம் ஜம்பமாக வாழ்ந்தோம். உடம்பு நன்றாக இருந்தவரை அப்படி வாழ முடிந்தது.

அவர் பக்கவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, பக்கத்து மேட்டுப்பாளையம் கம்பெனியில் அவரோடு வேலை செய்தவர்கள் ஒரு தடவை ஆப்பிளோடு வந்துவிட்டுப் போனார்கள். நண்பர்கள் 'தைரியமா இரு' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். தைரியத்தை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் குளிக்கப் போக முடியுமா?

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிறிஸ்தவப் பெரியவர். அவருடைய பங்குக் கோயில் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து அவரோடு இருந்தார்கள். அவர்களில் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "நீ வூட்டுக்குப் போயி குளிச்சிட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு வாம்மா. நாங்க பாத்துக்கிறோம்."

"ஜெபம் கிபம் பண்ணுவீங்க. எங்களுக்கு அதெல்லாம் வேணாம்" என்றேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. என் கணவர் குழறலாகச் சிரித்தார்.

"பண்ணிட்டுப் போறாங்க, உனக்கு இன்னா வலிக்குது? போயி தூங்கு" என்றார்.

நான் போகவில்லை. வீம்பு, வேறென்ன.

நாலாம் நாள் மத்தியானம் மாத்திரை வாங்கக் கீழே போனேன். "அசையாம படுங்க" என்று அவரிடம் சொன்னேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்துக் கடையில் முக்கால் மணி நேரம் வரிசை. அதற்குள் அவர் தானாக எழுந்து பாத்ரூம் போகப் பார்த்து விழுந்திருக்கிறார். தலையில் அடி. நான் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கட்டில் ஓரத்தில் அந்த அம்மா நின்றிருந்தார். "சத்தம் கேட்டு வெளியேருந்து நான்தான் ஓடியாந்தேன். கொஞ்ச நேரம் உசுரு இருந்திச்சி."

பாழாய்ப்போன என் வாய் அப்போதும் கேட்டது: "ஜெபம் பண்ணீங்களா?"

"நீ வேணாம்னு சொன்னல்லம்மா. பண்ணல. கைய மட்டும் புடிச்சிக்கினு இருந்தேன்."

எனக்கு இன்றைக்கும் சாமி நம்பிக்கை கிடையாது. அதனால் விதி என்று சொல்லி ஆறவும் வழியில்லை. அவர் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார விடாதது நான்தான்.