கீழ் வரிக்காரியின் சிவப்பு

இசைவாணி என்ற பெயரைச் சந்தனமேரி முதன்முதலில் கேட்டது, தன் வேலை போகப்போகிறது என்று கேட்ட அன்றைக்குத்தான்.

மணமேல்குடிப் பக்கம் இறால் உரிக்கும் கம்பெனி அது. மாதத்தில் ஐந்து நாளுக்கு மேல் வராதவர்களின் பெயர் இருக்கும் வரி வருகைத் தாளில் சிவப்பாகும். சிவப்பானவர்கள் இனி வர வேண்டாம் என்று தாள் ஒட்டியிருந்தார்கள். சந்தனமேரியின் வரி சிவப்பு.

"நான் ஒரு நாளுகூட லீவு போடலையே சார்."

சூப்பர்வைசர் ஜெரால்டு தாளின் பக்கம் திரும்பவே இல்லை. "ஆபீஸ்ல இசைவாணின்னு ஒரு பொண்ணுதான் டைப் பண்ணுச்சு. அங்கிட்டுப் போய்க் கேளுங்க."

வைவதற்கு முன் யார் வீட்டுப் பெண் என்று தெரிய வேண்டாமா? விசாரித்தாள். திருவரங்குளம் சிவசாமி மகள், தாய் ஆலங்குடிக்காரி, அக்காளை அறந்தாங்கியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அத்தனை பேரையும் சேர்த்து வையத்தான் உள்ளே நுழைந்தாள்.

"ஏம்மா, ஒங்கப்பன் சிவசாமி ஒனக்குக் கண்ணாடி வாங்கித் தரலையா? லீவு நாளுங்கிற எடத்துல எம்பேருக்கு நேரா முட்டை போட்டிருக்கு. மூணாப்புப் படிச்ச எனக்கே தெரியுது. அத விட்டுட்டுச் செவப்ப மட்டும் பாக்குறீங்களே, நீங்கள்லாம் படிச்சவுகளா?"

"நாளு மட்டும்தான் அத்தை நான் அடிச்சேன். கலரு ஜெரால்டு சார் போட்டது." இசைவாணி தாளை வாங்கிப் பார்த்தாள். முட்டைதான். அவள் முகமும் கடுத்தது. எக்செல் ஷீட்டைத் திறந்து, அந்த முட்டையை அழித்துப் பத்து என்று அடித்தாள்.

"அடிப்பாவி, எம்பேர்ல பத்து நாளு எழுதுறியா?"

"சோதனைக்குத்தான். பாருங்க."

சந்தனமேரியின் வரி அப்படியே இருந்தது. அதற்கு மேலே இருந்த வரி சிவந்தது.

எண்ணைப் பார்த்துத் தானாக நிறம் போடும் கண்டிஷனல் ஃபார்மட்டிங்கில் ஜெரால்டு எழுதியிருந்த விதியை இசைவாணி திறந்தாள். "மொத வரியான தலைப்புலேர்ந்து கலர் புடிச்சிருக்காரு. விதியில மட்டும் ரெண்டாவது வரின்னு எழுதியிருக்கு. அதான் ஒவ்வொருத்தர் தலையிலயும் அவங்களுக்குக் கீழ இருக்கவங்க கலரு ஏறுது."

முட்டையைத் திரும்பப் போட்டாள். கலரையும் இரண்டாவது வரியிலிருந்து பிடிக்க வைத்தாள். சிவப்பு சந்தனமேரியை விட்டு இறங்கிக் கீழே ஷர்லி மேல் நின்றது. ஒன்பது நாள் வராதவள். ஜெரால்டு பெண்டாட்டியின் கூடப்பிறந்த தங்கச்சி.

ஜெரால்டு வந்து பார்த்தார். "ஷர்லி வரிய மட்டும் கையால வெள்ளையாக்கிரு."

"வெள்ளையடிச்சாலும் விதி செவப்பாத்தான் காட்டும் சார். நாள மாத்துனாத்தான் மாறும்."

"அப்ப மாத்து."

"மாட்டேன் சார்."

"வம்புக்குன்னே வந்திருக்கியா நீ?"

சந்தனமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முட்டை வாங்குனவ வெளிய, ஒம்பது வாங்குனவ உள்ளயா? நல்லாருக்கு சார் ஒங்க கணக்கு. கொழுந்தியாளுக்குன்னா கம்ப்யூட்டருகூடக் கண்ண மூடிக்கணுமோ?"

இசைவாணி சரியான தாளை அச்செடுத்து, பழையதைக் கிழித்துவிட்டுத் தன் கையாலேயே ஒட்டினாள்.

சந்தனமேரியின் வேலை தப்பியது. அடுத்த வாரம் இசைவாணியைத்தான் வர வேண்டாம் என்றார்கள். தப்பைப் போட்டவருக்கு நாற்காலி, தப்பைக் கண்டுபிடித்தவளுக்கு வாசல். எந்த ஊர் நியாயம் இது? ஷர்லி இன்றைக்கும் சந்தனமேரிக்கு எதிரே உட்கார்ந்து இறால் உரிக்கிறாள்.

இசைவாணி இப்போது திருவரங்குளத்தில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள்.