சும்மா கிடந்த இரண்டு பேட்டரிகள்

செங்கம் சாலையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் திரௌபதிக்கு, கரண்ட் போகப்போவது முதல் நாளே தெரிந்துவிடும். இது, எதிர்வீட்டு ஆயாவான நான் தெருவெல்லாம் சொல்லிவைத்த புளுகு. அவளுக்கு அப்படி ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் அவள் கணக்கே போட்டாள்.

கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலைக் காட்டிலிருந்து டிப்ளமோ படித்து வந்தவள். கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது என்று ஆறு வருஷம் காலண்டர் தாளில் குறித்தாள். பழைய கம்ப்யூட்டர்களைத் தள்ளிவிட்டு, கரண்ட் கம்மியாக இழுக்கும் சின்னப் பெட்டிகள் நான்கு வாங்கினாள். மாடியில் சோலார், கீழே நான்கு பேட்டரி. இரண்டு அன்றாடத்துக்கு, மற்ற இரண்டைத் தொடவே மாட்டாள்.

அந்த இரண்டுதான் கட்டடத்தின் சொந்தக்காரர் பரசுராமனின் கண்ணை உறுத்தின.

"சராசரியா அரை மணி நேரந்தான் போவுதுன்னு நீயே எழுதி வச்சிருக்க. அப்புறம் எதுக்கும்மா ரெண்டு சும்மா கிடக்குது?"

"சராசரி நாள்ல எதுவும் கெடாதுண்ணா. போன வருஷம் புயலன்னிக்கு ஏழு மணி நேரம் வரல. அதுக்குத்தான்."

தலையாட்டிவிட்டுப் போனார். அவள் ஊருக்குப் போயிருந்த நாளில், கரண்ட் இல்லாதபோது பக்கத்திலிருந்த தன் காபிக் கடை ஃப்ரிட்ஜ் ஓட, அந்த இரண்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டார். வாயைத் திறந்து சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நர்சிங் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், மாலை ஐந்து மணி வரை கெடு. காலையிலேயே கோடை மழை. பத்து மணிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. வெயிலும் இல்லை. திரௌபதி ஃபேனை நிறுத்தி, இரண்டு பெட்டிகளை மட்டும் ஓட்டினாள். நாலரைக்கு அன்றாட பேட்டரிகள் தீர்ந்தன. பெஞ்சில் இன்னும் மூன்று பெண்கள். தொடாத இரண்டுக்கு மாற்றினால், பத்து நிமிஷத்துக்குத்தான் சார்ஜ் மிச்சம் இருந்தது. ஒயர் போன வழியே காபிக் கடைக்குள் நுழைந்தாள்.

"ஜூஸெல்லாம் ஜில்லுனு இருக்குதாண்ணா?"

"சும்மாதானேம்மா இருந்துச்சு."

"தீயணைப்பு வண்டித் தண்ணியும் சும்மாதான் இருக்கும். அதுல கால் கழுவுவீங்களா? வாங்க, அந்தப் பொண்ணுங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க, சும்மா இருந்துச்சுன்னு."

அவர் வரவில்லை. அவள் ஒயரைப் பிடுங்கினாள். ஒரே பெட்டி, மங்கலான திரை. ஐந்து மணிக்குள் மூன்று விண்ணப்பங்களும் போய்ச் சேர்ந்தன.

இதுவரை எழுதியதை, அந்த மூவரில் ஒருத்தியான கவிநிலாவிடம் படித்துக் காட்டினேன்.

"மூணு இல்ல ஆயா, ரெண்டு" என்றாள். "என் ஃபோட்டோ பாதி ஏறும்போதே பெட்டி அணைஞ்சிடுச்சு."